அப்பாவுடன் ஹம்பியில் மூன்று நாள்: மூர்த்தி இல்லாத கோயில்களை எப்படிப் பார்ப்பது?

பொன்னிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தை பிறந்ததும் என் அப்பாவை, விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பிக்கு அழைத்துச் செல்லலாம் என்று இருக்கிறேன். அவருக்கு வயது 71. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். காவிரியின் இரு கரையிலும் உள்ள பாடல் பெற்ற தலங்களில் அவர் போகாதது அநேகமாக இல்லை. முழங்கால் வலி இருப்பதால் வேகமாக நடக்கவோ செங்குத்தான படிகளில் ஏறவோ அவரால் முடியாது. ஆனால் நிழலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் ஒரே தூணைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்துவிடுவார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுற்றுலாக் குழுவோடு நான் மட்டும் ஹம்பிக்குப் போய்வந்தேன். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை பதினொரு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் கால்மணி நேரம் இறக்கிவிடுவார்கள். "இது அரசி குளித்த இடம், இது யானை கட்டிய இடம்" என்று ஒரு வரி சொல்வார்கள். மறுபடியும் வண்டியில் ஏற வேண்டும். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது எது எந்தக் கோயில் என்றே எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஊருக்குப் போய்விட்டு எதையும் பார்க்காதவளாகத் திரும்பினேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அப்பாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

இன்னொரு தயக்கமும் உண்டு. பின்னமான மூர்த்தியும் பூசையற்ற கருவறையும் உள்ள ஊருக்கு வயதான காலத்தில் எதற்காகப் போக வேண்டும் என்று என் அத்தை கேட்டார். அப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டு முடித்தபின், "அங்கே போய்க் கைகூப்புவதா, சும்மா பார்த்துவிட்டு வருவதா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

எங்களுக்கு மூன்று முழு நாள்கள் இருக்கின்றன. எந்த வரிசையில் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம், இடிந்து நிற்பதிலிருந்து முழுமையாக இருந்ததை எப்படி மனத்தில் கொண்டுவருவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

துங்கைக்கரைவாசி

வணக்கம் அம்மா. பணி நிமித்தமாக ஹொசபேட்டையில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தேன். ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அவர்களை ஹம்பிக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. அதனால் முதியவர்களுக்கு அங்கே எது இயலும், எது இயலாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது மிகவும் நல்லது. மாசி கழிந்துவிட்டால் அந்தப் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகும் அனலை வீசிக்கொண்டிருக்கும். பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ஹொசபேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். கமலாபுரத்தில் அறை கிடைத்தால் இன்னும் அருகில் இருக்கலாம், நண்பகலில் அறைக்குத் திரும்பி அப்பா படுத்து எழுந்திருக்கவும் முடியும். மூன்று நாளுக்கும் ஒரே ஆட்டோவைப் பேசிக்கொள்ளுங்கள். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம்.

முதல் நாள் காலையில் விருபாட்சர் கோயிலில் தரிசனம் செய்துவிட்டு, அதை ஒட்டியுள்ள ஹேமகூடப் பாறையில் மெதுவாக ஏறலாம். அது சரிவான வழுவழுப்பான பாறை. கைப்பிடித்து நடந்தால் அப்பாவால் முடியும். மாலையில் கிருஷ்ணர் கோயில், அதற்குச் சற்றுத் தெற்கே உள்ள நரசிம்மர், அவருக்கு அருகிலேயே எப்போதும் தண்ணீருக்குள் நிற்கும் படவி லிங்கம். இரண்டாம் நாள் விட்டலர் கோயில். அதற்கு எடுக்கும் நுழைவுச்சீட்டே தாமரை மகால் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் அதே நாளில் செல்லும் என்பதால் மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது சிக்கனம். விட்டலர் கோயிலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பேட்டரி வண்டி உண்டு, ஆனால் பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். காலையில் திறந்தவுடன் அங்கே இருங்கள். மூன்றாம் நாள் அரண்மனைப் பகுதி: ஹசார ராமர் கோயில், மகாநவமி மேடை, படிக்குளம்.

மதங்க மலையும், ஆனேகுந்திப் பக்கம் 575 படிகள் உள்ள அஞ்சனாத்திரியும் அப்பாவுக்கு வேண்டாம். உயரத்தில் நின்று ஊரைப் பார்க்க அவர் விரும்பினால் மால்யவந்த மலைக்குப் போங்கள். ரகுநாதர் கோயில் வாசல் வரை வண்டி போகும். சீதையைத் தேடிவந்த இராமனும் இலக்குவனும் மழைக்காலம் முடியும்வரை காத்திருந்த இடம் அது என்பது மரபு. இந்த வட்டாரம் முழுவதையும் கிட்கிந்தை என்றே மக்கள் சொல்கிறார்கள். கம்பனில் தோய்ந்த தமிழாசிரியருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், கழற்றி மாட்ட எளிதான செருப்பு. வழிபாடு நடக்கும் கோயிலில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். மற்ற இடங்களில் வெறுங்காலோடு பாறையில் நடக்க விடாதீர்கள்.

கல்லும் உளியும்

வணக்கம். கலைக் கல்லூரியில் சிற்பமும் கோட்டுச் சித்திரமும் கற்பித்தவன் நான். மாணவர்களோடு ஹம்பியில் தங்கி வரைந்த நாள்கள் பல. மேலே நண்பர் பயண ஏற்பாட்டை நிறைவாகச் சொல்லிவிட்டார். எப்படிப் பார்ப்பது என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் நான் மறுமொழி எழுதுகிறேன்.

ஹம்பியில் கண்ணுக்குத் தெரிவது கோயிலின் கீழ்ப்பாதிதான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விஜயநகரக் கல்தச்சர்கள் அடித்தளம், தூண், சுவர், கூரை ஆகியவற்றைக் கருங்கல்லில் செய்து, அதற்குமேல் வரும் விமானத்தையும் கோபுர நிலைகளையும் செங்கல், சுண்ணாம்பு, சுதை கொண்டு எழுப்பினார்கள். 1336இல் ஹரிஹரரும் புக்கரும் தொடங்கிய அந்தத் தலைநகரம் 1565 ஜனவரியில் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது. அதன்பின் நான்கரை நூற்றாண்டு மழையும், செங்கல் இடுக்கில் முளைத்த ஆல அரச வேர்களும், புதையல் தேடிக் கருவறையைத் தோண்டியவர்களின் கடப்பாறையும் சேர்ந்து மேல்பாதியைக் கரைத்துவிட்டன. கல் நின்றது, செங்கல் போயிற்று. ஆகவே தட்டையான கூரையோடு எந்தக் கோயிலைக் கண்டாலும் அதன் தலையில் ஒரு விமானத்தை மனத்தால் ஏற்றிப் பாருங்கள். எல்லோரும் படமெடுக்கும் கல்தேர் உண்மையில் விட்டலருக்கு எதிரே உள்ள கருடன் சன்னதி. 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்த ஒளிப்படத்தில் அந்தத் தேரின் மேல் செங்கல் விமானம் இருக்கிறது. இன்று ஐம்பது ரூபாய்த் தாளில் நாம் காண்பது அந்த விமானம் இல்லாத தேர்.

அந்த விமானத்தையும் கோபுரத்தையும் மனத்தில் எழுப்ப வேறு யாரையும்விட உங்கள் அப்பாவுக்கு எளிதாக இருக்கும். ஹம்பியில் விழுந்ததன் முழு உருவம் தமிழ்நாட்டில் நின்றுகொண்டிருக்கிறது. காஞ்சி ஏகாம்பரநாதரின் தெற்குக் கோபுரம், சிதம்பரத்தின் வடக்குக் கோபுரம், அண்ணாமலையாரின் ராஜகோபுரம் ஆகிய மூன்றும் கிருஷ்ணதேவராயரின் பெயரோடு சேர்ந்தவை. விட்டலர் கோயில் மகாமண்டபத்தில் யாளிமேல் வீரன் பாயும் தூண்களைப் பார்க்கும்போது வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபமும் காஞ்சி வரதராஜர் கோயிலின் கல்யாண மண்டபமும் அவருக்கு நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை தற்செயலாக நேர்ந்ததில்லை. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணன் தெற்கே வந்து மதுரை சுல்தானகத்தை முடித்துவைத்த பிறகு, சோழ பாண்டிய நாட்டுக் கோயில் மரபு வடக்கே துங்கபத்திரைக் கரைக்குப் போயிற்று. அங்கே பெருத்து வளர்ந்து, ராயர் கோபுரங்களாக மறுபடி நம் ஊர்களுக்கு வந்தது.

இந்த மாற்றம் கண்ணில் பட வேண்டுமானால் கால வரிசையில் பார்க்க வேண்டும். ஹேமகூடத்தில் உள்ள சிறு கோயில்களில் சில நகரம் தோன்றுவதற்கு முந்தியவை. மூன்று கருவறைகள் ஒரே மண்டபத்தைப் பார்த்திருக்கும், மேலே படிப்படியாகக் குறுகும் கல் கூரை இருக்கும். பலர் அவற்றைச் சமணக் கோயில் என்று சொல்லிவிடுவார்கள். அவை சிவன் கோயில்கள். அவற்றில் ஒன்று, விஜயநகரத்துக்கு முன் இப்பகுதியை ஆண்ட கம்பிலி அரசர் எழுப்பியது என்று கல்வெட்டே சொல்கிறது. அங்கே தமிழ்நாட்டுச் சாயல் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்துவிட்டுப் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹசார ராமர் கோயிலுக்குப் போங்கள், அடுத்து 1515இன் கிருஷ்ணர் கோயில், கடைசியாக விட்டலர். சிறிய, அடக்கமான கல்வீடு ஒன்று இருநூறு ஆண்டுகளில் எப்படி விட்டலர் கோயில் ஆயிற்று என்பது கதை கேட்பதுபோல் விளங்கும்.

இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று, பெரிய கோயில் ஒவ்வொன்றிலும் நுழைவதற்கு முன் கோபுர வாசலில் திரும்பி நின்று எதிரே உள்ள தெருவைப் பாருங்கள். விருபாட்சர், கிருஷ்ணர், அச்சுதராயர் காலத்தில் எழுந்த திருவேங்கடநாதர், விட்டலர் ஆகிய நான்கு கோயில்களுக்கும் முன்னால் அகலமான தேர்வீதி, இரு பக்கமும் தூண் வரிசை, அருகில் புஷ்கரணி. அவற்றைக் கடைவீதி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சந்தையும் நடந்தது, தேரும் ஓடியது. தேரோடும் வீதியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த வெற்று நிலத்தின் அகலமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மற்றொன்று, ஆப்புக்குழிகள். பாறைகளில் ஒரே நேர்கோட்டில், உள்ளங்கை அகல இடைவெளியில், தீப்பெட்டி நுழையும் அளவுக்குச் சிறு குழிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் இரும்பு ஆப்புகளை இறக்கி மாறிமாறி அடித்து, கோடு பிடித்தாற்போல் பாறையைப் பிளந்தார்கள். பிளந்து எடுத்த கல்லை இழைக்காமல் விட்ட பக்கங்களில் அந்தக் குழியின் பாதி, பல் வரிசைபோல் இன்னும் இருக்கிறது. பாறையில் ஒரு பாதி, சுவரில் ஒரு பாதி. அப்பாவின் விரலை அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடியார்க்கடியான்

அம்மா, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

பின்னமான மூர்த்திக்குப் பூசை இல்லை என்று உங்கள் அத்தை சொன்னது ஆகம வழக்குதான். அவரைத் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் ஹம்பி முழுவதும் பூசையற்ற ஊர் என்று நினைத்தால் அது சரியாகாது. விருபாட்சர் கோயிலில் இன்றும் முறைப்படி வழிபாடு நடக்கிறது; நகரம் தோன்றுவதற்கு முன்பே பம்பாபதியாக அங்கே இருந்தவர் அவர், நகரம் அழிந்த பின்னும் அங்கேயே இருக்கிறார். அவருடைய முன் மண்டபம் கிருஷ்ணதேவராயர் முடிசூடியதை ஒட்டி எழுப்பப்பட்டதை 1510இன் கல்வெட்டு கூறுகிறது. அந்த மண்டபத்தின் விதானத்தில் விஜயநகர அரசர்களின் குருவாகச் சொல்லப்படும் வித்தியாரண்யரைப் பல்லக்கில் சுமந்து செல்லும் ஊர்வலமும், சிவபெருமான்மீது மன்மதன் கணை தொடுப்பதும் ஓவியங்களாக உள்ளன. தலையை நிமிர்த்திப் பார்க்க அப்பாவுக்குக் கழுத்து வலிக்கும் என்றால் ஒரு தூணில் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். ஆற்றோரத்தில் கோதண்டராமர், மத்வத் துறவி வியாசராயர் நிறுவிய யந்த்ரோத்தாரக ஆஞ்சநேயர் ஆகியோருக்கும் வழிபாடு நடக்கிறது.

விட்டலர் கோயிலைச் சுற்றிலும் சிறு சன்னதிகள் பல உண்டு. அவற்றில் ஒன்று நம் திருமங்கையாழ்வாருக்கு எடுத்தது. திருவாலி நாட்டில் பிறந்த ஒருவருக்குத் துங்கபத்திரைக் கரையில் விஜயநகர மன்னர்கள் காலத்தில் கோயில் எழுந்தது என்பதை நேரில் போய் நின்று உணர்வது தனி அனுபவம். உள்ளே மூர்த்தி இல்லை. நான் வாசலில் நின்று எனக்குத் தெரிந்த பாசுரத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.

என் ஆலோசனை ஒன்றே ஒன்று. கிருஷ்ணதேவராயர் உதயகிரிக் கோட்டையை ஒடிசாவின் கஜபதி மன்னரிடமிருந்து வென்றபோது, அங்கிருந்த பாலகிருஷ்ணர் திருமேனியைத் தலைநகருக்கு எழுந்தருளச் செய்து, அவருக்காகவே அந்தக் கிருஷ்ணர் கோயிலைக் கட்டினார். கோயில் முற்றத்தில் உள்ள கல்வெட்டுப் பலகை அதைப் பதிவு செய்திருக்கிறது. அந்தக் குழந்தைக் கண்ணன் இப்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். நீங்கள் சென்னை வழியாகப் பெங்களூர் போவதாக இருந்தால், அந்தக் கூடம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அப்பாவை முதலில் அங்கே அழைத்துப் போங்கள். வீட்டுக்கு உரியவரை முதலில் பார்த்துவிட்டு அவருடைய வீட்டுக்குப் போனால் அந்த வீடு வெறுமையாகத் தெரியாது.

துங்கைக்கரைவாசி

மேலே இருவரும் எழுதியதைப் படித்தபோது, ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தும் எனக்குத் தெரியாதவை இவ்வளவு இருக்கின்றனவே என்று தோன்றியது. ஆனால் கால வரிசைக்காக முதல் நாளே ஹேமகூடத்திலிருந்து ஹசார ராமர் கோயிலுக்கும் அங்கிருந்து திரும்பக் கிருஷ்ணர் கோயிலுக்கும் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. முழங்கால் வலியுள்ளவருக்கு ஒவ்வொரு முறை ஆட்டோவில் ஏறி இறங்குவதும் பாரம். ஹசார ராமர் கோயிலுக்கு நுழைவுச்சீட்டு இல்லை; முதல் நாள் காலை அதையே முதலாவதாக வைத்துக்கொண்டாலும் பெரிய குறையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்டலர் கோயிலில் இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க அனுமதி இல்லை. சில வழிகாட்டிகள் காவலர் இல்லாத நேரம் பார்த்துத் தட்டிக் காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய கல், பல தூண்களில் விரிசல் இருக்கிறது.

கல்லும் உளியும்

நண்பர் சொல்வது நியாயம், உடம்புதான் முதலில். ஹேமகூடம் முதலிலும் விட்டலர் கடைசியிலும் இருந்தால் போதும், நடுவில் உள்ளவற்றை வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஹசார ராமர் கோயிலில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரண்மனை வட்டத்துக்குள் அரச குடும்பத்துக்காக எழுந்த கோயில் அது. மதிலின் வெளிப்புறத்தில் கீழிருந்து மேலாக யானைகள், குதிரைகள், காலாட்படை, நடன மகளிர், கண்ணன் லீலை என ஐந்து வரிசைகள் ஓடுகின்றன. மகாநவமி விழாவின் ஊர்வலத்தைக் கல்லில் அடித்து வைத்ததுபோல் இருக்கும். உள்ளே கோயிற்சுவரில் மூன்று அடுக்காக இராமாயணம். வலம் வரும் திசையில் கீழ் அடுக்கை முடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். வழிகாட்டி தேவையில்லை, உங்கள் அப்பாவே உங்களுக்குச் சொல்வார்.

பொன்னிக்கரை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று முன்தினம் ஊர் திரும்பினோம். நீங்கள் எழுதியவற்றை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன்; அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

முதலில் எழும்பூருக்குப் போனோம். கூடம் திறந்திருந்தது. கல்லில் அமர்ந்திருக்கும் அந்தக் குழந்தைக் கண்ணனுக்கு முன்னால் அப்பா நெடுநேரம் நின்றார். அருங்காட்சியகத்தில் கைகூப்பலாமா என்று என்னிடம் கேட்கவில்லை, கூப்பிவிட்டார்.

ஹம்பியில் முதல் நாள் காலை ஹேமகூடப் பாறையில் ஏறும்போதே ஆப்புக்குழிகளைக் கண்டுபிடித்துவிட்டோம். அப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, ஒவ்வொரு குழியாக விரலை வைத்துக்கொண்டே போனார்; பதினான்கு குழிகள் எண்ணினார். பதினான்காவதற்கு அப்பால் பாறை பிளக்கப்படாமலே இருந்தது. குழி அடித்துவிட்டு ஆப்பு இறக்காமல் போயிருக்கிறார்கள். "நாளைக்கு வந்து பிளந்துகொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போயிருப்பான்" என்றார் அப்பா. அந்தத் தச்சனுக்கு அந்த நாளை வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதே பாறையில் நின்று நான் படம் எடுத்திருக்கிறேன். குழிகள் அந்தப் படத்தில்கூட இருக்கின்றன.

ஹசார ராமர் கோயிலில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். கையடக்கமான ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போயிருந்தது பெரிய உதவியாக இருந்தது; முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அனைவரும் எடுத்துப் போக வேண்டும். சுவர் ஓரமாக நாற்காலியை மூன்றடி மூன்றடியாக நகர்த்தி, அப்பா உட்கார்ந்தபடியே இராமாயணத்தை வாசித்தார். மராமரங்கள் ஏழையும் ஒரே அம்பு துளைக்கும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பாடலைச் சொன்னார். இராவணன் சபையில் அனுமன் தன் வாலையே சுருட்டி ஆசனமாக்கி உயரமாக உட்கார்ந்திருக்கும் சிற்பத்தைக் கண்டபோது, எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற கன்னடக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். மொழி தெரியாமலே அடுத்த பத்துச் சிற்பங்களுக்கு அந்தப் பிள்ளைகள் எங்களோடு வந்தார்கள்.

விட்டலர் கோயிலில் கல்தேரைவிட அதற்கு முன்னால் உள்ள யானைகளை அப்பா கவனித்தார். யானைக்குப் பின்னால் குதிரையின் பின்னங்காலும் வாலும் தெரிகின்றனவே என்று கேட்டார். முதலில் குதிரைகள் இழுப்பதாகத்தான் இருந்ததாம், யானைகளைப் பிற்பாடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று அங்கே இருந்த காவலர் சொன்னார். முன்பு நான் போயிருந்தபோது அதே தேருக்கு முன்னால் கால்மணி நேரம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். குதிரையின் கால் என் கண்ணில் படவே இல்லை. திருமங்கையாழ்வார் சன்னதியைத் தேடிப்போக அன்று வெயில் ஏறிவிட்டதால் முடியவில்லை. அது ஒன்று பாக்கி.

கிருஷ்ணர் கோயிலுக்கு மாலை நாலரை மணிக்குப் போனோம். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அப்பா மண்டபப் படியிலேயே கழற்றிவிட்டார். தரை இன்னும் சூடாக இருந்தது. கருவறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். உள்ளே இருட்டும் வௌவால் வாடையும் தவிர வேறொன்றும் இல்லை. சற்று நேரம் கழித்து, "இங்கேயிருந்து எழும்பூர் எந்தத் திசை?" என்று கேட்டார். நான் கைபேசியில் பார்த்து, தென்கிழக்கே இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் திரும்பி நின்று கும்பிட்டார்.

அன்றிரவு அத்தை தொலைபேசியில் அழைத்து, எங்கே என்ன கும்பிட்டீர்கள் என்று கேட்டார். விருபாட்சரைக் காலையில் கும்பிட்டதையும் கண்ணனை மாலையில் கும்பிட்டதையும் அப்பா அப்படியே சொன்னார். அத்தை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணனை நானும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வரும் வெள்ளிக்கிழமை மூவருமாகச் சிதம்பரம் போகிறோம். வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயரின் உருவம் இருப்பது அப்பாவுக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளாக அந்த வாசல் வழியாகப் போய்வந்தும் நின்று பார்த்ததில்லையாம். நாற்காலியை எடுத்து வைத்துவிட்டேன்.